குல்மார்க் பனிமலை: போகிறவர்க்கு என்ன கிடைக்கிறது, அங்கே இருப்பவர்க்கு என்ன மிஞ்சுகிறது?

அரையாண்டுத் தேர்வு விடுமுறை நெருங்குகிறது. ஆண்டிபட்டி, தேனி, கம்பம், உத்தமபாளையம் என்று நம் வட்டாரத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரியான விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. காஷ்மீர், ஐந்து இரவு ஆறு பகல், ஹலால் உணவு, தொழுகை வசதி, குல்மார்க் பனி. மேலே ஒரு வெள்ளை மலை. அதில் சிவப்பு உடுப்புக்காரர் ஒருவர் சறுக்கிக்கொண்டு வருவார். கீழே "குறைந்த இடங்களே உள்ளன" என்று இருக்கும். ஜுமுஆ முடிந்து வெளியே வந்தால் இரண்டு பேராவது கேட்கிறார்கள்: "ஹஜரத், காஷ்மீர் போகலாமா? இப்ப நிலவரம் எப்படி?"

2025 ஏப்ரல் 22-க்குப் பிறகு இது சாதாரணக் கேள்வி அல்ல. பஹல்காம் பைசரன் புல்வெளியில் 26 பேர் கொல்லப்பட்ட அந்த நாளுக்குப் பின் நம் ஊரிலும் பல குடும்பங்கள் முன்பதிவை ரத்து செய்தன. இப்போது கட்டணத்தைக் குறைத்து மறுபடி அழைக்கிறார்கள். போகலாமா என்பதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அங்கே பணம் கொடுத்து எதை வாங்குகிறோம், அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது, யார் கைக்குப் போகவில்லை என்று பார்க்காமல் சொல்லும் பதில் அரைகுறையாகவே இருக்கும்.

தொட்டபெட்டா உயரத்தில் ஒரு புல்வெளி

குல்மார்க் பாரமுல்லா மாவட்டத்தில், ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர். எண்ணாகச் சொன்னால் இது பிடிபடாது. கொடைக்கானல் 2,100 மீட்டரை ஒட்டியது. தமிழ்நாட்டுப் பகுதி நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டா 2,637 மீட்டர். நாம் டிக்கெட் வாங்கிச் சிகரம் என்று ஏறிப் பார்க்கும் உயரம் அங்கே ஒரு புல்வெளி. மலை அதற்கு மேல்தான் தொடங்குகிறது. பின்னால் நிற்கும் அஃபர்வத் மலை 4,000 மீட்டரைத் தாண்டியது.

உயரம் ஒன்றாக இருந்தும் தொட்டபெட்டாவில் அதிகாலை உறைபனி மட்டும் படிகிறது, குல்மார்க்கில் ஆள் உயரத்துக்குப் பனி கொட்டுகிறது. காரணம் இடம். நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 பாகையில் இருக்கிறோம், அவர்கள் 34 பாகையில். குளிர்காலத்தில் மத்தியத்தரைக் கடல் பக்கமிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு கிழக்கே நகர்ந்து வரும் காற்றுச் சுழற்சிகள் பீர் பஞ்சால் மலையில் மோதிப் பனியாகக் கொட்டுகின்றன. வானிலைத் துறையினர் இதை 'மேற்கத்திய இடையூறு' என்கிறார்கள். பெயர் என்னவோ இடையூறு. குல்மார்க்கின் சோறு அதுதான்.

ஊரின் பழைய பெயர் கௌரிமார்க் என்பார்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஆண்ட சுல்தான் யூசுஃப் ஷா சக், பூக்களின் புல்வெளி என்ற பொருளில் குல்மார்க் என்று பெயரிட்டார். ஆங்கிலேயர் காலத்தில் வெயிலுக்கு ஒதுங்கும் இடமாக இருந்து, 1927-இல் அவர்களுடைய பனிச்சறுக்குச் சங்கம் இங்கே வந்தது. 1968-இல் மத்திய அரசு பனிச்சறுக்குக்கும் மலையேற்றத்துக்கும் ஒரு பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கியது. ஒரே புல்வெளியைச் சுற்றி பள்ளிவாசல், கோயில், குருத்வாரா, தேவாலயம் நான்கும் உண்டு. அங்கிருந்த பழைய சிவன் கோயிலை ஒரு முஸ்லிம் பெரியவர் பல ஆண்டுகள் பராமரித்து வந்தார். 2024 ஜூனில் கோயில் தீப்பிடித்தபோதுதான் வெளியில் பலருக்கு அது தெரிந்தது. இப்படிப்பட்ட செய்தியெல்லாம் தீப்பிடித்தால்தான் நம் வீட்டுத் தொலைக்காட்சிக்கு வரும்.

பணம் கொடுத்தால் கிடைப்பவை

முதலில் கோண்டோலா. பழனி ரோப்காரைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை; அதையே ஆறு பேர் உட்காரும் மூடிய கண்ணாடிப் பெட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு நிறுவனம் ஒன்று அமைத்தது. 1980-களின் இறுதியில் எடுத்த வேலை, பள்ளத்தாக்கில் துப்பாக்கிச் சத்தம் தொடங்கியதால் நின்றுபோய், முதல் கட்டம் 1998-இல்தான் ஓடியது. அது குல்மார்க்கிலிருந்து கொங்தூரி வரை, 3,000 மீட்டருக்குச் சற்று மேலே கொண்டுபோய் விடும். 2005-இல் வந்த இரண்டாம் கட்டம் அங்கிருந்து அஃபர்வத்தின் தோள் வரை, 3,950 மீட்டருக்கு ஏற்றும். கம்பி வண்டியில் மனிதர் போகக்கூடிய மிக உயரமான இடங்களில் இதுவும் ஒன்று. இரண்டு கட்டத்துக்கும் சேர்த்து ஒருவருக்கு இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி வரும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குப் பத்தாயிரம் என்று கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். பல பேக்கேஜ்களில் இது சேர்ந்திருக்காது; விளம்பரப் படத்தில் மட்டும் இருக்கும்.

டிக்கெட்டை இணையத்தில் முன்னதாக எடுக்க வேண்டும். சீசனில் இரண்டாம் கட்டம் சீக்கிரமே தீர்ந்துவிடும். காற்று பலமாக இருந்தால் வண்டியை நிறுத்திவிடுவார்கள். நிறுத்துகிறார்களே என்று யாரும் சண்டைக்குப் போக வேண்டாம். 2017 ஜூன் 25 அன்று காற்றில் மரம் விழுந்து கம்பியைத் தாக்கி, ஒரு பெட்டி கீழே விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். நான்கு பேர் டெல்லியிலிருந்து வந்த ஒரே குடும்பத்தினர். மற்றவர்கள் உள்ளூர் வழிகாட்டிகள்.

இரண்டாம் கட்டத்துக்கு ஏறுபவர்கள் உடலையும் பார்க்க வேண்டும். தரையிலிருந்து சில நிமிடங்களில் நாலாயிரம் மீட்டரை எட்டுகிறோம். மூச்சு வாங்கும், தலை சுற்றும். இதய நோய், இரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களைக் கொங்தூரியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. "இவ்வளவு தூரம் வந்துட்டு மேல போகாம எப்படி" என்று பிள்ளைகள் அத்தாவை இழுத்துக்கொண்டு போவதைத் தவிர்க்கலாம்.

அடுத்தது பனிச்சறுக்கு. உலகம் குல்மார்க்கைத் தேடி வருவது இதற்காகத்தான். அஃபர்வத்தின் மேலிருந்து கீழ்ப் புல்வெளி வரை 1,300 மீட்டர் செங்குத்து இறக்கம். மாவு போல உலர்ந்த பனி. ரஷ்யாவிலிருந்தும் போலந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருபவர்கள் அதில் இறங்குகிறார்கள். நம்மால் அது முடியாது, முயலவும் கூடாது. நமக்குக் கிடைப்பது கீழ்ச் சரிவில் ஒரு மணி நேரம்: காலில் இரண்டு கட்டை, கையில் இரண்டு கோல், பிடித்துக்கொள்ள ஒரு பயிற்சியாளர். அது படம் எடுப்பதற்கான சறுக்கு. உண்மையாகவே கற்க விரும்பும் பிள்ளைகள் இருந்தால், மத்திய அரசின் பயிற்சி நிறுவனம் இரண்டு வார வகுப்புகளைக் குறைந்த கட்டணத்தில் நடத்துகிறது. தங்குமிடம், உணவு, கருவிகள் எல்லாம் அங்கேயே. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளில் இதைக் கேள்விப்பட்டவர்களே குறைவு.

துபாயில் வேலை பார்க்கும் சகோதரர்கள், "இதுக்கு ஏன் காஷ்மீர்? மால் ஆஃப் எமிரேட்ஸ்லயே இருக்கே" என்று சொல்லக்கூடும். 2005 முதல் அங்கே ஒரு கூரையின் கீழ் 400 மீட்டர் சறுக்குப் பாதை ஓடுவது உண்மைதான். வெளியே 45 டிகிரி வெயில், உள்ளே செயற்கைப் பனி. கால் சறுக்கும், அவ்வளவுதான். குல்மார்க்கில் மேகம் விலகும் நேரத்தில் நங்க பர்வதம் தெரியும். இரண்டையும் ஒப்பிடவே கூடாது.

தொழுகை பற்றியும் ஒரு வார்த்தை, ஏனெனில் இதைக் கேட்காமல் யாரும் போவதில்லை. உணவு ஹலாலா என்று காஷ்மீரில் தேட வேண்டிய தேவை அநேகமாக வராது. தண்ணீர் சில்லென்று இருக்கும் என்பதற்காகத் தயம்மும் செய்துவிட முடியாது. விடுதியில் வெந்நீர் கிடைக்கிறது. காலையில் உளூச் செய்து தோல் காலுறை அணிந்துகொண்டால், பயணிக்கு மூன்று பகல் மூன்று இரவு வரை அதன் மேல் மஸஹ் செய்ய அனுமதி இருக்கிறது. கடையில் வாங்கும் சாதாரண நூல் காலுறைக்கு ஹனஃபி மத்ஹபிலும் ஷாஃபி மத்ஹபிலும் இது பொருந்தாது. ஆறு நாள் பயணம்தான் என்பதால் ஹனஃபி மத்ஹபில் நான்கு ரக்அத் ஃபர்ளுகளை இரண்டாகச் சுருக்கித் தொழ வேண்டும். மற்ற விவரங்களை உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கயிற்றை இழுக்கிற கை

நம் குடும்பங்கள் குல்மார்க்கில் அதிகம் வாங்குவது கோண்டோலாவோ சறுக்கோ அல்ல. மனித உழைப்பு. தங்மார்க்கில் வண்டியை நிறுத்தியதும் அது தொடங்கிவிடுகிறது. அங்கிருந்து மேலே 13 கிலோமீட்டர் மலைப்பாதை. பனி விழுந்தால் சக்கரத்தில் சங்கிலி கட்டிய உள்ளூர் வண்டிக்கு மாற வேண்டும். வாடகைக் கோட்டு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். மேலே போனால் குதிரைக்காரர், வழிகாட்டி, பனி ஸ்கூட்டர் ஓட்டுபவர், சுடச்சுடக் கஹ்வா விற்பவர். எல்லாரிலும் கடைசியில் நிற்பவர் சறுக்குவண்டி இழுப்பவர்.

அந்தச் சறுக்குவண்டி ஒரு பலகை, முன்னால் ஒரு கயிறு. நாம் பலகையில் உட்காருவோம். மேட்டில் அவர் கயிற்றைத் தோளில் போட்டு இழுப்பார். இறக்கத்தில் முன்னால் அமர்ந்து கால்களையே பிரேக்காக வைத்துக் கொண்டுபோவார். ஐம்பது வயது தாண்டியவர்களும் இழுக்கிறார்கள். பெரும்பாலும் தங்மார்க் சுற்றுவட்டாரக் கிராமத்தவர்கள். கோடையில் தோட்டத்திலோ வயலிலோ வேலை; பனிக்காலத்தில் இது. அந்தச் சில மாதங்களில் ஈட்டுவதைக் கொண்டுதான் மீதி மாதங்களைத் தள்ள வேண்டும்.

திரும்பி வந்த நம் ஆட்களிடம் குல்மார்க் எப்படி என்று கேட்டால், பாதிப்பேர் சொல்வது, "ஏமாத்துறாங்க ஹஜரத்." புகாரில் உண்மை இல்லாமல் இல்லை. வழிகாட்டி கட்டாயம் என்று பொய் சொல்பவர்கள் உண்டு. இரண்டு மடங்கு விலை கேட்பவர்கள் உண்டு. நிர்ணயித்த கட்டணப் பட்டியல் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. பதிவு பெற்ற வழிகாட்டிக்கு அடையாள அட்டை இருக்கிறது. இரண்டையும் கேட்டுப் பார்ப்பது நம் உரிமை. ஆனால் இங்கே ஒரு முரண்பாடும் இருக்கிறது. ஸ்ரீநகர் விடுதி கேட்ட தொகையை அட்டையில் தேய்த்துவிட்டு வருகிறோம். விமான நிலையத்தில் காபிக்கு முந்நூறு ரூபாய் கொடுத்தோம். ஆளையே இழுத்துக்கொண்டு மேடேறும் மனிதரிடம் மட்டும் ஐம்பது ரூபாய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிறோம். கூலியைத் தாமதிக்காமல் முழுதாகக் கொடுப்பது பற்றி மார்க்கம் சொன்னது நம் எல்லாருக்கும் மனப்பாடம். அது பனிக்கும் பொருந்தும்.

சால்வைக் கடையில்தான் பேரம் பேச வேண்டும், அங்கேதான் பலர் பேசாமல் வாங்குகிறார்கள். தறி ஓடும் ஊர்க்காரர்கள் நாம். ஆண்டிபட்டி, சக்கம்பட்டியில் பிறந்தவருக்குக் கைத்தறி எது, மில் துணி எது என்று விரல் வைத்தாலே தெரிய வேண்டும். பஷ்மினா என்று ஆயிரம் ரூபாய்க்குத் தருவது பஷ்மினா அல்ல. காஷ்மீர் பஷ்மினாவுக்கு 2008 முதல் புவிசார் குறியீடு இருக்கிறது. சோதனை செய்து முத்திரை பதித்த துணி கிடைக்கிறது. அதை வாங்கினால் காசு நெசவாளிக்குப் போகும்.

இந்தத் தங்மார்க் பக்கத்திலிருந்துதான் ஆரிஃப் கான் வந்தார். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்ட ஒரே வீரர். பெரும் வளைவுச் சறுக்குப் போட்டியில் 45-ஆவது இடம் பெற்றார். அவருடைய தந்தை குல்மார்க்கில் சறுக்குக் கருவிக் கடை வைத்திருந்தவர். அவருக்கு முன்னால் 1988 கால்கரி ஒலிம்பிக்குக்கு இதே குல்மார்க்கிலிருந்து குல் முஸ்தஃபா தேவ் போயிருக்கிறார். கருவி கிடைத்த பிள்ளைகள் அவ்வளவு தூரம் போனார்கள். கயிறு மட்டும் கிடைத்த பிள்ளைகளின் கணக்கு வேறு.

வராத பனி

2024 ஜனவரியில் குல்மார்க் பழுப்பு நிறத்தில் கிடந்தது. நடுக்குளிர்காலத்தில் காய்ந்த புல். ஒமர் அப்துல்லா பழைய ஆண்டுகளின் படங்களைப் போட்டு, இப்படி வறண்ட குளிர்காலத்தைக் கண்டதில்லை என்று எழுதினார். அந்த மாதக் கடைசியில்தான் பனி வந்தது. அடுத்த ஆண்டும் தப்பவில்லை: 2025 பிப்ரவரி 22 முதல் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் போதிய பனி இல்லாமல் தள்ளிப்போய், மார்ச் 9 முதல் 12 வரை நடந்தன.

காஷ்மீரிகள் குளிர்காலத்தைக் கணக்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 21 முதல் ஜனவரி இறுதி வரை நாற்பது நாள் சில்லை கலான், பெருங்குளிர். பிறகு இருபது நாள் சில்லை குர்த், அதன்பின் பத்து நாள் சில்லை பச்சா. பெருங்குளிரில் விழும் பனிதான் கெட்டியாக நின்று, கோடையில் மெல்ல உருகி ஓடைகளுக்கும் வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் நீராகும். மார்ச்சில் விழுவது வந்த வேகத்தில் கரைந்துவிடும். ஆகவே பனி பிந்துவது சுற்றுலாக்காரர் கவலை மட்டும் அல்ல. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் ஜூனில் திறக்குமா, தள்ளிப்போகுமா என்று பார்த்து நாற்று விடும் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையிலும் பனி குறைகிறது. அவர்கள் தண்ணீரையும் காற்றையும் அழுத்திப் பீய்ச்சும் இயந்திரங்களை வைத்துப் பனியைச் செய்துகொள்கிறார்கள். அதற்கு நிறைய மின்சாரமும் தண்ணீரும் வேண்டும். குல்மார்க் வானத்தைத்தான் நம்பியிருக்கிறது.

நம் பள்ளி விடுமுறைகள் இந்தக் கணக்கோடு ஒத்துப்போவதில்லை. அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியில். அப்போது பெருங்குளிர் தொடங்கியே சில நாள்தான் ஆகியிருக்கும். கீழே பனி இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். மேலே இரண்டாம் கட்டத்தில் கிடைக்க வாய்ப்பு அதிகம். மே மாதம் போனால் புல்வெளி பச்சையாகிப் பூத்திருக்கும், பனி அஃபர்வத்தின் மேல் மட்டும். விளம்பரப் படத்தில் இருக்கும் குல்மார்க் ஜனவரி கடைசி, பிப்ரவரிக்கு உரியது. அப்போது நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் திருப்புதல் தேர்வில் இருப்பார்கள்.

பனி அதிகமாக விழும்போது வேறு ஆபத்து. 2010 பிப்ரவரியில் கிலன்மார்க்கில் பனிச்சரிவில் 17 ராணுவத்தினர் புதைந்து இறந்தார்கள். 2023 பிப்ரவரி 1-இல் போலந்துக்காரர் இருவர், 2024 பிப்ரவரி 22-இல் ரஷ்யர் ஒருவர் அஃபர்வத் சரிவுகளில் பலியானார்கள். குறித்த பாதைக்கு வெளியே காலை வைக்காதவரை சாதாரணப் பயணிக்கு இந்த ஆபத்து குறைவு. மலை எச்சரிப்பதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நமக்குக் காஷ்மீர் உதாரணம் தேவையில்லை. 2018 மார்ச்சில் போடிக்கு மேலே குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறிகள் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டது இந்த மாவட்டத்தில்தான்.

தலையெண்ணிக்கை அரசியல்

இனி, நிலவரம் எப்படி என்ற கேள்வி. 2019 ஆகஸ்ட் 2 அன்று யாத்திரையினரும் சுற்றுலாப் பயணிகளும் உடனே பள்ளத்தாக்கை விட்டு வெளியேற வேண்டும் என்று அரசே அறிவித்தது. மூன்று நாளில் சட்டப்பிரிவு 370-இன் சிறப்புத் தகுதி நீக்கப்பட்டது. அதன்பிறகு, காஷ்மீர் அமைதியாகிவிட்டதா என்று யார் கேட்டாலும் டெல்லி எடுத்துக் காட்டும் சான்று ஒன்றே: எத்தனை சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள் பாருங்கள். கோண்டோலாவின் ஆண்டு வருமானம் 100 கோடி ரூபாயைத் தாண்டியதும் அந்தச் சான்றுகளில் சேர்ந்தது.

ஒரு மலைவாசத் தலத்துக்கு வருபவர்களின் எண்ணிக்கையை அமைதிச் சான்றிதழாக மாற்றினால் இரண்டு கேடு விளைகிறது என்பது என் கருத்து. ஒன்று, உள்ளூர் மக்களுக்கு வேலை இருக்கிறதா, நிலம் இருக்கிறதா, குரல் இருக்கிறதா என்ற கேள்விகள் அந்த எண்ணுக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. இரண்டாவது, சான்றிதழைக் கிழிக்க நினைக்கும் கொலைகாரன் பயணியைக் குறிவைக்கிறான். 2024 அக்டோபர் 24-இல் குல்மார்க் அருகே போட்டாபத்ரியில் ராணுவ வாகனத்தைத் தாக்கினார்கள். வீரர்களோடு இரண்டு உள்ளூர்ச் சுமைதூக்கிகளும் இறந்தார்கள். ஆறே மாதத்தில் பைசரன். மதத்தைக் கேட்டுக் கேட்டுக் கொன்றார்கள். அந்தக் கொடுமைக்கு இஸ்லாத்தில் இடம் உண்டா என்று நம்மிடம் கேட்பவர்களுக்கு, அந்த 26 பேரில் ஒருவரான குதிரைக்காரர் சையத் ஆதில் ஹுசைன் ஷாவின் பெயரைச் சொல்லலாம். பயணிகளைக் காக்க, துப்பாக்கியைப் பிடுங்கப் போய் இறந்தார் என்கிறார்கள் அவருடைய வீட்டார். மறுநாள் பள்ளத்தாக்கு முழுவதும் கடையடைப்பு. பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளில் கண்டனம். நாளிதழ்களின் முதல் பக்கம் கறுப்பு. சிக்கிக்கொண்ட பயணிகளுக்குத் தங்கள் வீட்டைத் திறந்துவிட்டவர்களும், காசு வாங்காமல் விமான நிலையத்தில் விட்டவர்களும் அந்த ஏமாற்றுக்காரர்கள் என்று நாம் சொல்லும் அதே ஓட்டுநர்கள்தான்.

பிறகு அரசு 87 சுற்றுலா இடங்களில் 48-ஐ மூடியது. ஜூன் மாதத்திலிருந்து சிறிது சிறிதாகத் திறக்கிறார்கள். மே இறுதியில் முதல்வர் ஒமர் அப்துல்லா பஹல்காமிலும் குல்மார்க்கிலும் கூட்டம் நடத்தி, வாருங்கள் என்று அழைத்தார். காவல்துறை அவர் கையில் இல்லை. மாநிலத் தகுதியும் திரும்பவில்லை. அழைக்கும் பொறுப்பு ஒருவருக்கு, பாதுகாக்கும் அதிகாரம் வேறொருவருக்கு.

நிலத்தின் கதையும் கவனிக்கத்தக்கது. குல்மார்க் விடுதிகளில் பல அரசு நிலத்தில் குத்தகைக்கு நடப்பவை. பல குத்தகைகள் காலாவதியாகிவிட்டன. 2022 டிசம்பரில் வந்த புதிய நில விதிகள், காலாவதியான வணிகக் குத்தகைகளைப் பழையவர்களுக்கே புதுப்பிக்காமல் ஏலத்துக்கு விட வழி செய்தன. நாட்டின் எந்த மூலையிலிருந்தும் பெரும் முதலாளி வந்து கேட்கலாம். அப்போது உள்ளூர்க்காரர் விடுதி உரிமையாளராக இருப்பாரா, வாசலில் சீருடையோடு நிற்பாரா என்று அங்கே பேசிக்கொள்கிறார்கள். பனி, அமைதி இரண்டோடு மூன்றாவதாக நிலமும் நிச்சயமில்லை.

யாருடைய ஊர் என்ற உணர்வு எப்படிப் புண்படுகிறது என்பதற்கு 2025 மார்ச் ரமலானில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நோன்பு மாதத்தில் குல்மார்க் பனியில் அரைகுறை ஆடை அணிவகுப்பு ஒன்றை நடத்திப் படங்களை உலகுக்குப் பரப்பினார்கள். மிர்வாயிஸ் உமர் ஃபாரூக் கண்டித்தார், முதல்வர் 24 மணி நேரத்தில் அறிக்கை கேட்டார், நடத்தியவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். தடுக்கச் சட்டம் இருக்கிறதா என்பது என் கேள்வி அல்ல. அந்த மக்களை ஒரு தடவையாவது கேட்டிருப்பார்களா? பனி மட்டும்தான் அவர்கள் கண்ணுக்குப் பட்டிருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு, போகலாமா? போகலாம் என்பதே என் பதில். வராமல் இருப்பதால் துப்பாக்கிக்காரனுக்கு நஷ்டம் இல்லை, சறுக்குவண்டிக்காரருக்குத்தான். அதே சமயம், நாம் போகாவிட்டால் காஷ்மீர் பட்டினி கிடக்கும் என்ற இரக்கப் பார்வையும் தவறு. அரசுக் கணக்கிலேயே அங்கே பொருளாதாரத்தில் சுற்றுலாவின் பங்கு பத்து விழுக்காட்டுக்குக் கீழேதான். பெரும்பாலான குடும்பங்கள் ஆப்பிளையும் மற்றத் தோட்டப் பயிர்களையும் நம்பி இருக்கின்றன. 2025 செப்டம்பரில் மண்சரிவால் நெடுஞ்சாலை அடைபட்டு, லாரி லாரியாக ஆப்பிள் அழுகியது பைசரனுக்குப் பிறகு அவர்கள் வாங்கிய இரண்டாவது அடி. புவிசார் குறியீடு வாங்கிய நம் கம்பம் பன்னீர் திராட்சை இரண்டு நாள் லாரியில் நின்றாலே என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆண்டிபட்டி சந்தையில் காஷ்மீர் ஆப்பிள் வாங்குகிறவரும் காஷ்மீருக்கு உதவுகிறவர்தான்.

போக முடிவு செய்தவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். 2025 ஜூன் 6-இல் செனாப் பாலம் திறந்தபின் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ஓடுகிறது. அகலப்பாதை வந்த ஆண்டிபட்டியில் ஏறி, மதுரை, டெல்லி, கட்ராவில் மாறிக்கொண்டு, ரயிலிலேயே ஸ்ரீநகர் போய்ச் சேர முடியும், நாள்தான் கூடுதல். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. குடும்பத்தில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும். பேக்கேஜ்காரரிடம் முன்பணம் கொடுக்குமுன் மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: கோண்டோலா இரண்டாம் கட்டம் சேர்ந்திருக்கிறதா, தங்மார்க்கிலிருந்து சங்கிலி வண்டிக்கு யார் பணம், பாதுகாப்புக் காரணத்தால் இடம் மூடப்பட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும். மூன்றாவது கேள்விக்கு மழுப்புகிறவரிடம் கொடுக்க வேண்டாம். சில்லறையாக நூறு ரூபாய்த் தாள்கள் கொஞ்சம் தனியே எடுத்து வையுங்கள். மேலே பனியில் நெட்வொர்க் கிடைக்காமல் போகலாம். சறுக்குவண்டி இழுத்தவருக்குக் கையில்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.